உயிரோடிருப்பவளுக்கு ஒரு சவப்பெட்டி

"அதை எடுத்துக்கிட்டுப் போய் அவனைப் படுக்க வெச்சு மூடுங்க. ஆணி நான் வாங்கித் தரேன்."

"அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. செஞ்ச பெட்டிக்கு யாராச்சும் ஒரு ஆளு வேணுமுங்க. அதைப் பட்டறையில வெச்சிருந்தா எம்பட பொண்டாட்டி சோறாக்க மாட்டேங்கறா."

"அதுக்காக நான் சாகணுமா?"

"சாக வேண்டாமுங்க. பெட்டி உங்களுதுன்னு ஒத்துக்கிட்டாப் போதும்."

மைசூர் மண்டி மொகல்லாவில், காப்பித்தூள் கடைக்கு மேல்மாடியில் நடந்த இந்தச் சண்டையைக் கேட்கக் கீழே ஒரு கூட்டமே தராசை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. மாடிப்படியில் தொங்கிய பலகையில் 'சூசைநாதன், அந்தரங்க விசாரணை' என்று எழுதியிருந்தது. அந்த அறையில் இதுவரை அந்தரங்கமாக நடந்தது சூசைநாதனின் மதியத் தூக்கம் ஒன்றுதான் என்பது மோலியின் கட்சி. அவள் அங்கே டைப்பிஸ்ட். அதற்கு முன் ஒரு வக்கீலிடம் இருந்தாள். வக்கீலின் ஆங்கிலத்தைத் திருத்தியதால் வேலை போயிற்று. இப்போது டைப் மெஷினில் விரலை வைத்தபடி, ஓர் எழுத்தும் அடிக்காமல், இரண்டு காதாலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தியவள் மரியபுஷ்பம். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயதிருக்கும், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, குரலிலும் அதே கஞ்சி. எதிரில் நின்றவர் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த தச்சர் அய்யாசாமி. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே பட்டறை வைத்து, ஊரில் யார் போனாலும் பெட்டி செய்து கொடுப்பவர். இருவரும் ஒரே நேரத்தில் படியேறி வந்தது சூசைநாதனின் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று மோலிக்கு இன்னும் முடிவாகவில்லை.

சூசைநாதன் கோர்ட்டு ஹெட்கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். பொடி போடக் கூடாதென்று டாக்டர் சொன்னதிலிருந்து பெப்பர்மின்ட் சப்புகிறார். இப்போதும் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, "சிஸ்டர், முதல்லேருந்து" என்றார்.

நடந்தது இதுதான். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த ஜனத்தில், அதாவது பங்கில், யாராவது இறந்தால் கோயில்மணி நிறுத்தி நிறுத்தி அடிக்கும். துக்க மணி. போன வாரம் மழை கொட்டிய ஒரு சாயங்காலம் அந்த மணி மரியபுஷ்பத்துக்காக அடித்தது. மரியபுஷ்பமோ அந்த நேரத்தில் பிரசவ வார்டில் ஒரு குழந்தையின் காலைப் பிடித்துத் தட்டி அழ வைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து தெருவுக்குள் நுழைந்தால் வீட்டு வாசலில் குடையும் மெழுகுவர்த்தியுமாக ஜனம். செத்தவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா தேவம்மா தரையில் கிடந்தார். மகள் செத்துப் போனதாக யாரோ வாசலில் வந்து சொன்னதும் விழுந்தவர். அன்றிலிருந்து அவருடைய இடது கை எழவில்லை.

அய்யாசாமியும் அன்றைக்குச் சாக்கு மூடிய பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்திருக்கிறார். தெருமுனையில், பிணம் தானே நடந்து போய் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பியவர், இன்று நியாயம் கேட்டு வந்திருக்கிறார். பெட்டி கீழே வண்டியில் இருந்தது. காப்பித்தூள் கடைக்காரர் அதைத் தன் கடைக்கு நேரே நிறுத்தக் கூடாதென்று சொல்லிப் பார்த்துவிட்டு, கூட்டம் சேர்வதைக் கண்டதும் பேசாமல் இருந்துவிட்டார்.

"யார் செஞ்சதுன்னு தெரியுமா, சிஸ்டர்?"

"தெரியாம? பெர்னார்ட்."

பெர்னார்டை அந்தப் பங்கில் தெரியாதவர் இல்லை. துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். நாற்பதை எட்டியும் கல்யாணமாகாதவர். நன்மரணச் சங்கத்தின் பொருளாளர். யார் வீட்டுச் சாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி, சிலுவை தூக்குபவர் எந்தப் பக்கம் நடப்பது, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். ஒரு முறை போர்வை மடிப்புச் சரியில்லையென்று ஊர்வலத்தையே கல்லறை வாசலில் நிறுத்தி, திருப்பி மடிக்க வைத்தார். பிணம் ஆட்சேபிக்கவில்லை, மற்றவர்கள் மனதுக்குள் ஆட்சேபித்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய தாயாருக்கு ஊசி போடப் போன பழக்கம் மரியபுஷ்பத்துக்கு. பெண் கேட்டார். வேண்டாமென்றாள். அதோடு ஒரு மனிதன் போய்ச் சேர வேண்டாமா? வாரத்துக்கு ஒரு தரகரை அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைத்தாய்ச்சிகளின் புருஷன்மாரிடம் தன்னை வருங்கால மாப்பிள்ளை என்று அறிமுகம் செய்துகொண்டார். ஈஸ்டருக்குப் பாண்டு வாத்தியம் அனுப்பினார். ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசியதில்லை, கையை நீட்டியதில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

சட்டத்தையும் அவள் தட்டிப் பார்க்காமல் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில், இது நாங்களாகப் பிடிக்கக்கூடிய குற்றம் அல்ல, மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி வாருங்கள் என்று மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். வக்கீல் நோட்டீஸ் விட்டாள். 'மேற்படி குமாரியின்பால் கட்சிக்காரருக்குள்ள தூய அன்பே காரணம்' என்று பதில் நோட்டீஸ் வந்தது. சிவில் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"அது வர்றதுக்குள்ள அந்தாளுக்குப் பல்லு போயிடும்" என்றாள் மோலி. "தொந்தரவு தானா நின்னுடும்."

சூசைநாதன் மிச்சமிருந்த இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, மாஜிஸ்திரேட்டிடம் நேரே போய்ச் சத்தியம் செய்து சொந்தப் பிராது கொடுப்பது: பெண்ணின் மானத்தைக் குலைக்கிற நடத்தை, அவதூறு என்று. இன்னொன்று, இவரால் அமைதி கெடுகிறது என்று சொல்லி, ஒழுங்காக இருப்பேன் என்ற முச்சலிக்காவை இரண்டு ஜாமீன்தாரர்களோடு எழுதி வாங்குவது. முதலாவதை இப்போதே எழுதிவிடலாமே என்று மோலி காகிதத்தை மெஷினில் ஏற்றி, வழக்கப்படி ஆரம்பித்தாள். பெயர். வயது. இன்னார் மகள், அல்லது இன்னார் மனைவி.

மரியபுஷ்பம் பெயரைச் சொன்னாள். வயதைச் சொன்னாள். மூன்றாவதற்கு வந்ததும், பிராது அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

சூசைநாதன் வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை மறு கன்னத்துக்கு மாற்றினார். மோலியைக் கீழே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களுக்கும் காட்டிவிட்டு, மேலே வந்தாள்.

"நல்ல வேலைப்பாடு, சார். கறுப்பு வார்னிஷ், வெள்ளைச் சிலுவை. எனக்கே ஒரு நிமிஷம் ஆசையா இருந்துது."

இதுவரை அறையே அதிரப் பேசிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தாள். ட்யூட்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டாள்.

பெட்டியின் நிறம் அந்தப் பங்கில் சின்ன விஷயமல்ல. கல்யாணமாகாமல் போகிறவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், வயது எண்பதானாலும், வெள்ளைப் பெட்டி. கல்யாணமானவர்களுக்குக் கறுப்பு. வெள்ளையில் போவது ஒரு கௌரவம். ஊர் முழுக்க மிஸ் என்று கூப்பிடும் மரியபுஷ்பத்துக்கு எப்படிக் கறுப்பு?

கறுப்பு சொன்னது யாரென்று அய்யாசாமியைக் கேட்டால், ஒரு ஜட்காக்காரன் வந்து சொன்னான் என்றார். அந்த ஜட்காக்காரனைத் தேவராஜ மார்க்கெட் எதிரில் பிடித்தார்கள். தன் குதிரையைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்த்துப் பழக்கமில்லாதவன். குடையை இறக்கிப் பிடித்த ஒருவர் சொல்லியனுப்பினாராம், மழையில் முகம் தெரியவில்லையாம். கோயில்மணி அடிக்கும் கோயில்பிள்ளை குழந்தைசாமிக்கும் இவன்தான் சேதி கொண்டு போயிருக்கிறான். தேவம்மாவின் வீட்டு வாசலில் நின்று சொன்னதும் இவன்தான். நிஜச் சாவு என்று நம்பித்தான் சொன்னேன் என்று குதிரையின் மேல் சத்தியம் செய்தான். ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. வண்டி கிளம்பிய பிறகு அந்த மனிதர் மழையில் பின்னால் ஓடி வந்து, "கப்பு, கப்பு, பிளி பேடா" என்று மறுபடி சொல்லியிருக்கிறார். கறுப்புதான், வெள்ளை வேண்டாம்.

ஆபீசுக்குத் திரும்பும் வழியில் மோலி கேஸை முடித்துவிட்டாள். பெர்னார்ட் இல்லை. அவர் அவளைக் குமாரி என்று நோட்டீசில் எழுதியவர், வெள்ளைதான் சொல்லியிருப்பார். இது வெளியூர்க்காரன் எவனோ செய்த வேலை.

"வெளியூர்க்காரன் நிறத்துக்காக மழையில ஓடி வருவானா?" என்றார் சூசைநாதன்.

மோலிக்கு அது பிடிக்கவில்லை. பதில் இல்லாதபோது அவள் வீடு புகுந்து பார்த்துவிடுவது வழக்கம். சங்கத்தில் சேர வேண்டுமென்ற சாக்கில் மறுநாள் பெர்னார்ட் வீட்டுக்குப் போனாள். அவர் சின்ன வயதுக்காரி சாவைப் பற்றி முன்யோசனையோடு இருப்பதைப் பாராட்டி, காப்பி கொடுத்தார். பேச்சை மரியபுஷ்பத்தின் பக்கம் திருப்பியதும் கண்ணைத் துடைத்தார். உள்ளே போய், சுவிசேஷப் புத்தகத்தைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கி வந்து காட்டினார். மணப்பெண் தலையில் போடும் வெள்ளை வலை. பெங்களூரில் வாங்கியதாம். மிஸ் மரியபுஷ்பத்தின் மனம் மாறும் நாளுக்காகக் காத்திருக்கிறதாம்.

"பாவம் சார், அந்தாள்" என்று வந்து சொன்னாள் மோலி. "வெள்ளை வலை வாங்கி வெச்சிருக்கிறவர் கறுப்புப் பெட்டியா சொல்லுவார்?"

"அவருக்கு அந்தப் பொண்ணு மேல ஆசைன்னு உனக்கு யார் சொன்னது?"

"அவரேதான்."

"ம். வா, போகலாம்."

தேவம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தவர்களை உட்காரச் சொன்னார். மரியபுஷ்பம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சூசைநாதன் நலம் விசாரித்தார். கஞ்சியில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அதே குரலில் அடுத்ததையும் கேட்டார்.

"வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்கார், சிஸ்டர்?"

கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

கொள்ளேகாலில் இருக்கிறார் என்றாள் மரியபுஷ்பம். பெயர் நஞ்சுண்டசாமி. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், இந்துப் பையன். மதம் மாறாமலே கட்டிக்கொள்ள வழி விட்ட புதுச் சட்டப்படி ஜனவரி மாதம் அங்கேயே ரிஜிஸ்தர் கல்யாணம். கொள்ளேகால் அப்போது மதராஸ் ராஜ்யம். எல்லை தாண்டிச் செய்தால் மைசூரில் மூச்சு வராது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அவர் குடும்பத்தோடு இருக்க வீடு கிடைக்கும்வரை இவள் வேலையை விட முடியாது. அம்மாவின் மருந்து அதில்தான் ஓடுகிறது. பிரசவ ஆஸ்பத்திரியிலோ கல்யாணமான நர்ஸுக்கு இடமில்லை என்பது மேட்ரனின் சட்டம். ஊருக்கெல்லாம் பிள்ளை பெற உதவலாம், தனக்குப் புருஷன் இருக்கக் கூடாது.

சூசைநாதன் கணக்கை அவிழ்த்தார். பெர்னார்ட் முதலில் நிஜமாகத்தான் பெண் கேட்டார். ஜனவரிக்குப் பிறகு அவர் அனுப்பிய ஒவ்வொரு தரகரும் வேறு சேதி கொண்டு வந்தார்: எனக்குத் தெரியும், சொல்லட்டுமா? பிராது கொடுக்கப் போனால் சத்தியம் செய்துவிட்டு இன்னார் மகள் என்றோ இன்னார் மனைவி என்றோ சொல்ல வேண்டும். மகள் என்று நிறுத்தினால் அவருடைய வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையில் புருஷனை இழுப்பார். மனைவி என்றால் வேலை போகும். சட்டத்தின் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்த ஒரு கேள்விதான் வாசலில் நிற்கும். அது தெரிந்துதான் அவ்வளவு தைரியம்.

"தெரிஞ்சவர் கறுப்புன்னு சொல்லித் தன்னைத்தானே மாட்டிக்குவாரா?" என்றாள் மோலி.

"மாட்டிக்கிறோம்னு அவருக்குத் தோணவே இல்லை. பொய்ச் சாவா இருந்தாலும் முறை தப்பக் கூடாது அவருக்கு. போர்வை மடிப்புக்கே ஊர்வலத்தை நிறுத்தினவர்."

மரியபுஷ்பம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முச்சலிக்கா எழுதி வாங்கி அவனைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதற்காகத் தான் வரவில்லை என்றாள்.

"எங்கம்மா கை எழும்பல இல்ல, அந்த மாதிரி அவன் தலை எழும்பக் கூடாது, சார். இந்த ஊர்ல ஒரு ஆள் முன்னாலகூட."

சூசைநாதன் அவசரப்படவில்லை. பிராதுக்குத்தான் பாதிக்கப்பட்டவள் வேண்டும். முச்சலிக்காவுக்கு அப்படியில்லை. ஒருவரால் ஊர் அமைதி கெடும் என்று மாஜிஸ்திரேட்டுக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். மணியடித்து ஏமாந்த கோயில்பிள்ளை கொடுக்கலாம், பெட்டி செய்து ஏமாந்த அய்யாசாமி கொடுக்கலாம். மரியபுஷ்பம் கூண்டு ஏறவே வேண்டாம். ஒன்று மட்டும் வேண்டும். அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"முச்சலிக்காவுல உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, சிஸ்டர். அது கடைசியில தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று மத்தியானம் அய்யாசாமியின் பட்டறையில் மோலி ஒரு தூரிகையைப் பிடித்திருந்தாள். பெட்டியைச் சுரண்டி வெள்ளை அடித்து, வெள்ளிக் காகிதத்தில் பூ ஒட்டினார்கள். செத்துப் போக ஆசைப்படும்படி இருக்க வேண்டும் என்பது மோலி சொன்ன அளவு. அய்யாசாமி, எதற்கென்று கேட்காமல், இவ்வளவு நல்ல பெட்டியைக் கடைசியில் யார் எடுப்பார் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தபோது பெட்டி கோயிலுக்குப் பக்கத்துச் சங்கக் கொட்டகையில், திறந்த கதவுக்கு நேரே, இரண்டு முக்காலிகளின் மேல் இருந்தது. பெண்கள் தொட்டுப் பார்த்தார்கள். குழந்தைசாமி, போய்ப் பொருளாளரைக் கூட்டி வந்தார். அய்யாசாமி கைகட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு நர்ஸ் அம்மிணிக்காகச் செய்த பெட்டியை இனிச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும், என்றைக்காவது அந்த அம்மிணிக்கே ஆகும், என்று பணிவாகச் சொன்னார்.

பெர்னார்ட் பெட்டியைச் சுற்றி வந்தார். வெள்ளைப் பூவைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது என்று பிறகு பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். மோலி பக்கத்தில் நின்று, எவ்வளவு பொருத்தம், வெள்ளை மனசுக்கு வெள்ளைப் பெட்டி, என்று பெருமூச்சு விட்டாள்.

"யாருக்கு வெள்ளை? கன்னி கழியாதவங்களுக்குப் போடுறதை இவளுக்கா?" என்று ஆரம்பித்தார் பெர்னார்ட். "கொள்ளேகால் பஸ்ஸுல நானே பின்னால போய்ப் பார்த்தேன், சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல மாலையும் கழுத்துமா நின்னா. நான் சொன்னது கறுப்பு. ரெண்டு தரம் சொல்லி அனுப்பினேன்."

பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்தார்கள். கையில் மணிக்கயிற்றின் தழும்போடு நின்ற குழந்தைசாமி, மிகவும் மெதுவாக, அப்படியானால் அன்று தன்னை மணியடிக்க வைத்தது யார் என்று கேட்டார். பெர்னார்ட் வாயை மூடினார். மூட வேண்டிய நேரம் போய்விட்டிருந்தது.

தகவல் மனு மறுநாளே போயிற்று. மோலி அடித்ததில் ஒரு பிழை கிடையாது. ஒழுங்காக இருக்க ஏன் ஜாமீன் கேட்கக் கூடாதென்று மாஜிஸ்திரேட் நோட்டீஸ் அனுப்பினார். விசாரணையன்று பங்கு ஜனத்தில் பாதி கோர்ட்டு வராந்தாவில் இருந்தது, மற்றப் பாதிக்குச் சேதி கொண்டு போக. கோயில்பிள்ளை சொன்னார். அய்யாசாமி சொன்னார். ஜட்காக்காரன்கூடச் சொன்னான். பெர்னார்டின் வக்கீல் எழுந்து, பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மிஸ் மரியபுஷ்பம் எங்கே, அவர் ஏன் வரவில்லை, வர முடியாத காரணம் என்ன என்று இழுத்து இழுத்துக் கேட்டார். கல்யாண விஷயம் கொட்டகையிலேயே உடைந்துவிட்டதே என்றால், பெர்னார்டின் ஆட்கள் அதை வதந்தி என்றும் சிஸ்டரின் ஆட்கள் அவதூறு என்றும் சொல்ல, மேட்ரன் இன்னும் இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பம் பேசாமல் இருந்தால் வேலை பிழைத்திருக்கும். சூசைநாதன் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தார்.

கடைசி பெஞ்சில் சத்தம் கேட்டது. மரியபுஷ்பம் எழுந்து முன்னால் வந்தாள். கஞ்சி போட்ட அதே வெள்ளைச் சேலை. கழுத்தில், இத்தனை மாதம் ரவிக்கைக்குள் கிடந்த தாலியை வெளியே எடுத்து விட்டிருந்தாள். சூசைநாதன் வேண்டாமென்று தலையசைத்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள்.

பெஞ்சு குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு பெயர் கேட்டார், வயது கேட்டார். தகப்பனார் பெயர் என்றார்.

"புருஷன் பேரை எழுதிக்குங்க" என்றாள், பெர்னார்டின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நஞ்சுண்டசாமி. கொள்ளேகால்."

ஜனவரியிலிருந்து அந்த மனிதர் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரே ஆயுதத்தை அவள் வாங்கி, எல்லார் முன்னாலும் முறித்துப் போட்டதை மோலி பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம், அம்மாவின் கை முதல் பாண்டு வாத்தியம் வரை, ஒரே மூச்சில் வந்தது. பெர்னார்டின் வக்கீல் கேட்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தார்.

ஒரு வருஷத்துக்கு அமைதியாக நடந்துகொள்வதாக முச்சலிக்கா, இரண்டு ஜாமீன்தாரர்கள், தராவிட்டால் தரும்வரை சிறை. அப்போதுதான் சூசைநாதன் முன்பு சொல்லாமல் விட்ட விஷயம் மரியபுஷ்பத்துக்குப் புரிந்தது: ஜாமீனுக்கு அவன் இதே ஊர்க்காரர்களிடம்தான் கையேந்த வேண்டும். அவர் அவளைப் பார்த்து ஒரு பெப்பர்மின்ட்டை நீட்டினார்.

வராந்தாவில் நின்ற அத்தனை பேரையும் பெர்னார்ட் அறிவார். யார் வீட்டுச் சாவுக்கு என்ன செலவு என்பதுவரை அறிவார். ஒவ்வொருவரிடமாகப் போய் ஜாமீன் நிற்கும்படி கேட்டார். துணிக்கடை முதலாளி ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. சங்கத் தலைவருக்குத் திடீரென்று கன்னடமும் தெரியவில்லை தமிழும் தெரியவில்லை. கடைசியாகக் குழந்தைசாமியிடம் வந்தார்.

"கையெழுத்துப் போடுறேன்" என்றார் கோயில்பிள்ளை. "போட்டா, அடுத்து எங்க வீட்டுக்கும் மணி அடிக்கச் சொல்வீங்களா?"

தலை எழும்பாமல்தான் பெர்னார்ட் போலீஸ்காரரோடு நடந்தார். மரியபுஷ்பம் வராந்தாத் தூணில் சாய்ந்து, அவர் வேன் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாமா என்று மோலி கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் என்றாள்.

ஜாமீன் போட நஞ்சன்கூட்டிலிருந்து இரண்டு தூரத்துச் சித்தப்பாக்கள் வந்து சேரப் பல நாள் ஆயிற்று. வெளியே வந்ததும் பெர்னார்ட் அவர்களோடே நஞ்சன்கூட்டுக்குக் குடிபோய்விட்டார். அங்கேயும் பெண் பார்த்தார்களாம். பெண் வீட்டார் மைசூரில் விசாரிக்க வந்து, முதலில் காப்பித்தூள் கடையில் நின்று கேட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு இன்னும் யாரும் பெண் கொடுக்கவில்லை. மரியபுஷ்பத்தை மேட்ரன் அனுப்புவதற்கு முன் அவளே ராஜினாமா கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொள்ளேகால் போனாள். அந்த நவம்பரில் கொள்ளேகாலே மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது. சிஸ்டர் ஊரை விட்டுப் போனாங்க, ஊரு அவங்களைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வந்துடுச்சு என்றாள் மோலி. தேவம்மாவின் கை முக்கால்வாசி எழும்புகிறதாம். மோலி தை மாதம் கல்யாணம் செய்துகொண்டாள், 'புருஷன் பெயர்' என்று திருத்தி எழுதிய அதே பெஞ்சு குமாஸ்தாவை. அவருடைய ஆங்கிலத்தைத் திருத்துவதில்லை என்று அவள் சத்தியம் செய்ததாகச் சொல்கிறார்கள். நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அய்யாசாமியின் பெட்டி மட்டும் எங்கும் போகவில்லை. சங்கக் கொட்டகையில், முக்காலிகளின் மேல் அப்படியே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை குழந்தைசாமி தூசி தட்டி வெள்ளை அடிக்கிறார். யார் போனாலும் அதை எடுப்பதில்லை. அதில் பெயர் எழுதவில்லை, ஆனால் யாருக்கென்று பங்கில் குழந்தைக்கும் தெரியும். அளவு கொஞ்சம் குட்டை, முழங்காலை மடக்க வேண்டியிருக்கும். நிறத்தில் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகாத மனிதருக்கு வெள்ளைதானே முறை.